மகளுக்கும் ஏ பாசிட்டிவ்

ஆவணி 9, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. மாத்திரை போட்டாச்சு. காய்ச்சல் இல்லை. ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி எட்டு மாதம். கீமோ முடிந்தது. இப்போதைக்கு அடங்கியிருக்கிறது என்கிறார் டாக்டரம்மா. அந்த ‘இப்போதைக்கு’தான் உறுத்தல்.

மச்சான் போனில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். ஏ குரூப்காரர்களுக்குத்தான் இந்த நோய் வருமாம். கீழே கும்பிடுகிற கை வேறு. நான் ஏ பாசிட்டிவ். மகள் கயலும் அதே. மூக்கும் கோபமும் என்னுடையது, ரத்தமுமா?

மதியம், அரியலூர் காலேஜ் ஃபாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள் கயல். ரத்த குரூப் கட்டத்தில் ‘ஓ’ என்று எழுதிவிட்டேன். இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு ஜாதகத்தோடு குரூப்பும் கேட்கிறார்கள். அப்பனுக்கு வந்த நோய், பெண்ணுக்கும் அதே குரூப் என்று எவனாவது சொல்லிவிட்டால்? யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணி 11, புதன்

பெரம்பலூர். செக்கப். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. டாக்டரம்மாவிடம் செய்தியைக் காட்டினேன்.

“தொடர்பு இருக்குமான்னு ஆராய்ச்சி பண்ணிட்டுத்தாங்க இருக்காங்க. சிலதுல லேசா இருக்குங்குது, சிலதுல இல்லைங்குது. ஏ குரூப்னா நோய் வந்துடும்னு யாரும் சொல்லலை. ஊருல எத்தனை பேரு ஏ! நல்லாத்தானே இருக்காங்க. பொண்ணை நிம்மதியாப் படிக்க விடுங்க.”

வயிற்றில் பால் வார்த்தார். அந்தச் சந்தோஷத்தில் ஃபாரம் விஷயத்தை உளறிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. “காலேஜ் ஐடி கார்டுலயும் அதுதானே வரும்? அவசரத்துல அதைப் பார்த்து யாராவது நம்பிட்டா? முதல்ல அதை மாத்துங்க.”

திரும்பும்போது வழி முழுக்க வெட்கம். எனக்கு ரத்தம் கொடுத்தவர்கள்: எறையூர் கரும்பு டிராக்டர் டிரைவர்கள் இரண்டு பேர், டீக்கடை பாய், பேர்கூடக் கேட்காமல் விட்ட ஒரு போலீஸ்காரர். அத்தனை பேரும் ஏ. அதைப் போய் மறைத்திருக்கிறேன். கூறு கெட்டவன்.

நல்லவேளை, ஃபாரம் இன்னும் வீட்டில். கயலிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

“எனக்கும் வந்துடுமோன்னு பயந்துட்டியாப்பா?”

தலையாட்டினேன். ‘ஓ’வை அடித்துவிட்டு அவளே ‘ஏ’ என்று எழுதினாள்.

ஆவணி 13, வெள்ளி

நல்ல வெயில். சிறுவாச்சூர் கோயில். கூட்டத்துக்குள் போகக்கூடாது என்பதால் நான் மாஸ்க்கோடு ஆட்டோவிலேயே. மனைவி சரசுவும் கயலும் அர்ச்சனைக்குப் போனார்கள். கயல் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தாள்.

“குருக்கள் பேரு, நட்சத்திரம் கேட்டாரு. அம்மா ‘முருகேசன், ஏ பாசிட்டிவ்’ங்குது!”

எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் சொல்லிப் பழகிய வாய். சரசு முறைத்தாள். “சிரிங்க, சிரிங்க. சாமிக்குப் புரியும்.”

அதோடு முடியவில்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா, “எம் மவனும் அதே குரூப்தாம்மா. ரத்தம் எங்க வேணும், சொல்லு, அனுப்பறேன்” என்றாராம். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ என்னம்மா சொன்னே?” கயலிடம் கேட்டேன்.

“இப்ப வேண்டாங்க, நானும் ஏ பாசிட்டிவ்தான், உங்க வூட்டுல யாருக்காச்சும் வேணும்னா கூப்பிடுங்கன்னு என் நம்பரைக் குடுத்துட்டு வந்துட்டேன்.”