சாயல்குடி வெயிலுக்குப் போகாத அப்பாவுக்கு

என் ஆசை அப்பா ஆரோக்கியசாமிக்கு,

நீ எங்களிடம் பொய் சொல்லிவிட்டுச் செத்தாய். இதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முனுசாமி மாமாவின் ஷெட்டில் வேனுக்கு ஜன்னல் மாட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன நீ, ஒரகடத்தில் வண்டிக் கம்பெனியின் பெயின்ட் ஷாப் தரையில் உட்கார்ந்தபடி மூச்சை விட்டாய்.

ஊரில் எல்லோரும் பனிதான் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்கிறார்கள். பனிக்கு என்ன, அதற்கு வாய் இல்லை. யார் பழி போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.

இந்த வருடமும் கார்த்திகை மழை விட்டுவிட்டது. விடியற்காலையில் கன்டெய்னர் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் வரிசையாக நிற்கின்றன. புகை மேலே போக வழியில்லாமல் பனிக்குள்ளேயே தங்குகிறது. அம்மா இன்னும் பொழுது சாய்ந்ததும் ஜன்னலை எல்லாம் அடைக்கிறாள். யாருக்காக அடைக்கிறாள் என்று நான் கேட்பதில்லை.

டாக்டர் உன் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "பனி மாசத்துல மட்டும் இந்தப் பக்கம் இருக்காதீங்க. காஞ்ச ஊரா, வெயில் அடிக்கிற ஊரா பாத்துப் போயிடுங்க. தை முடிஞ்சி வாங்க." சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை என்பதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார். பெயின்ட் ஷாப்பில் இத்தனை வருடம் என்ன மாஸ்க் கொடுத்தார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது நீ சிரித்தாய். "காத்து மாத்தறதெல்லாம் பங்களாக்காரன் வேலை ஜெனி. நம்ம போயி எந்த ஊரு லாட்ஜுல மாசக்கணக்கா படுத்துக்கினு கீறது?" என்றாய். ஆனால் ரிட்டையர் ஆன கையோடு, கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிற முனுசாமி மாமாவை இழுத்துக்கொண்டு போய், ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றி ஓய்ந்துபோன ஒரு பழைய ஸ்டாஃப் வேனை வாங்கி வந்தாய். சீட்டை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டில் போட்டாய். கேஸ் அடுப்புக்கு மேடை, தண்ணீர் டேங்க், அம்மா துணி வைக்க அலமாரி, கொசுவலை. லாட்ஜ் இல்லாவிட்டால் என்ன, வீட்டையே ஓட்டிக்கொண்டு போகலாம் என்றாய்.

எதிர்வீட்டுக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். "இன்னா ஆரோக்கியம், வூட்டுக்கு சக்கரம் மாட்டிக்கினியா? பஞ்சாயத்துல வரி கேட்டு வந்தா அப்டியே ஓட்டிக்கினு பூடுவியா?"

"உன் வூட்டையும் பின்னால கட்டி இஸ்துக்கினு போறேன், வா" என்றாய் நீ.

அப்புறம்தான் எந்த ஊர் என்ற சண்டை ஆரம்பித்தது. அம்மாவுக்கு வேளாங்கண்ணி. வேறு ஊரே கிடையாது.

"மாதா காலடியில போயி கெடந்தா மூச்சு தானா சரியாவும்."

"மாதா மேல எனக்கு இன்னா கோவம் பிலோமி? மார்கழில அங்க காத்து ஈரமா கீது. நனைஞ்ச துணிய மூஞ்சில போட்ட மாதிரி."

முனுசாமி மாமா கன்னியாகுமரி என்றார். அவரே அடுத்த வாரம் மாற்றிக்கொண்டார். ஐயப்ப சாமிகள் வரும் மாதத்தில் அங்கே வேன் நிறுத்த இடம் கிடைக்காதாம். ராமேஸ்வரத்தில் காற்று வேனையே தூக்கிக் கடலில் போட்டுவிடுமாம். தூத்துக்குடியில் உப்பு காய்கிறதே, நெஞ்சு காயாதா என்று நீ கேட்டாய். "மழை மாசத்துல உப்பளத்த மூடிடுவான்யா, இது கூட தெரியாம பெயின்ட் அடிச்சிக்கினு இருந்தியா?" என்று மாமா உன் தலையில் தட்டினார்.

ஊரைத் தேட நீ கண்டுபிடித்த வழி உன்னைப் போன்ற ஒருவனுக்குத்தான் தோன்றும். நம் பென்னலூர் முழுக்க ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தெற்கத்திப் பையன்களை டீக்கடையில் பிடித்து நிறுத்தினாய். எல்லோரிடமும் ஒரே கேள்வி. "தம்பி, உங்க ஊர்ல மார்கழி விடியக்காலம் போர்வை வேணுமா, வாணாமா?" அவர்களில் பாதிப் பேர் நீ கிறுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

முத்துராஜ் மட்டும் நினைக்கவில்லை. பெயின்ட் ஷாப்பில் உன் கீழே கான்ட்ராக்டில் இருந்தவர், சாயல்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். "எங்கூர்லயா ஐயா? போர்வையப் போத்துனா வேர்த்து நனைஞ்சுபோகும். பகல்ல நல்லா வெயிலு. அங்கிட்டு வெயிலத் தவிர என்ன இருக்கு?" என்றார். கட்டையை எரித்துக் கரிமூட்டம் போடுகிற பக்கம் மட்டும் வேனை நிறுத்திவிடாதீர்கள், புகை ஆகாது என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நீ அவரை நம்பினாய்.

சாயல்குடி என்று முடிவானது. எனக்கு அன்றைக்கே சிரிப்பு வரவில்லை, அப்பா. மழை பொய்த்துப் பொய்த்து வாழ வழியில்லாமல் அந்த ஊர்க்காரர்கள் இங்கே வந்து, ஏழு பேர் ஒரு ரூமில் படுத்து, நம் புகையை இழுக்கிறார்கள். இங்கே புகையை இழுத்து முடித்த நீ, மழை இல்லை என்பதற்காகவே அவர்கள் ஊருக்குப் போக ஆசைப்பட்டாய். இந்தப் பக்கம் இருப்பவனுக்கும் அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் அவனவன் ஊரில் உயிரோடு இருக்க முடியவில்லை. இதை யார் திட்டம் போட்டது? இந்தக் கம்பெனிகளை மாலை போட்டு வரவேற்றவர்கள் யார்?

முத்துராஜ் சாயங்காலங்களில் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கிணறு எங்கே, நிழல் எங்கே, கடல் எவ்வளவு தூரம் என்று நீ கேட்கக் கேட்க, அவர் சொல்லச் சொல்ல, டீ ஆறிப்போகும். மூன்று தீபாவளியாக ஊருக்குப் போகாதவர். ஒருநாள் பேச்சு பாதியில் நின்றது. அவர் எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார்.

"அந்தப் புள்ளைக்கு ஊர் ஏக்கத்த கெளப்பி வுட்டுட்டீங்க" என்றாள் அம்மா.

அவர் லீவு கேட்டார். கான்ட்ராக்ட் சூபர்வைசர் வழக்கமான பதிலைச் சொன்னான். மாற்றி நிற்க ரிலீவர் வராமல் லைனை விட்டு நகரக் கூடாது. மூத்திரம் பெய்யப் போவதற்கே ரிலீவர் வரவேண்டும் என்கிற இடத்தில் ஒரு வார லீவுக்கு ரிலீவருக்கு எங்கே போவது? மாற்று ஆள் வைக்காமல் போனால் திரும்பி வராதே என்றான்.

இதுவரை நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. இதற்குமேல் நடந்ததை உன்னைப் புதைத்த பிறகு முனுசாமி மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவர் நம் வீட்டுக்குள் வரவில்லை. வேன் படியில் உட்கார்ந்து சொன்னார்.

"நான் நிக்கறேன், நீ போடா தம்பின்னான் உங்கப்பன். உங்க அம்மாவ பாத்துட்டு, அப்டியே வேன் நிறுத்த ஒரு எடமும் பாத்து வையி, நாங்க பின்னாலயே வர்றோம்னான். சூபர்வைசருக்கு கசக்குமா? அனுபவஸ்தன் சும்மா கெடைச்சா வேணாம்பானா? நான்தான் காலையில என் வண்டியில ஏத்திக்கினு போயி கேட்டாண்ட வுட்டேன். வூட்ல சொல்லாதன்னு கைய புடிச்சான் ஜெனி. ஒரு வாரம்தானேன்னு நானும்..."

நீ ரிட்டையர் ஆனவன். மாலை வாங்கி, கைகுலுக்கி, வெளியே வந்தவன். உன் நெஞ்சு என்ன நிலைமையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ரிலீவர் இல்லாத ஒரு லைனைப் பார்த்ததும் உன் கால் தானாகப் போய் நின்றது. அப்படித்தான் உன்னைப் பழக்கி வைத்திருந்தார்கள். சாயல்குடிக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில், நீ எதைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டுமோ அந்தப் பெயின்ட் அடிக்கிற கூண்டுக்குள் ஸ்ப்ரே கன்னோடு நின்றாய்.

தரையில் உட்கார்ந்தாயாம். களைப்பு என்று நினைத்தார்களாம். லைன் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

ஆஸ்பத்திரி வாசலில் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன் எங்களுக்காகக் காத்திருந்தான். நல்ல சட்டை, பணிவான குரல். "பாவம் மேடம், பெரியவருக்குப் பனி ஒத்துக்கல. பழைய பாசத்துல எங்கள எல்லாம் சும்மா பாக்க வந்தாரு. வந்த எடத்துல இப்டி ஆயிடுச்சி." உன் மேல் இருந்த கம்பெனி உடுப்பைக் காணவில்லை. யாரோ அதற்குள் கழற்றிவிட்டிருந்தார்கள்.

வீட்டில் உன்னைக் குளிப்பாட்டும்போது அம்மா உன் காதுக்குப் பின்னால் ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சாம்பல் நிற ப்ரைமர் பெயின்ட். போகவில்லை. மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னாள். நான் வேண்டாம் என்று துணியைப் பிடுங்கினேன். சும்மா பார்க்க வந்தவன் காதுக்குப் பின்னால் அது எப்படி வந்தது என்று சர்ச் சாமியார் முன்னால், சொந்தக்காரர்கள் முன்னால், சத்தம் போட்டுக் கேட்டேன். செத்த வீட்டில் பொம்பளைப் பிள்ளை இப்படிக் கத்தலாமா என்று பெரியப்பா என்னை உள்ளே தள்ளினார். அந்த நல்ல சட்டைக்காரனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் உன் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஐயா, எடம் பாத்தாச்சு! வேப்பமரத்தடி. கிணத்துல நல்ல தண்ணி. எங்கம்மா வீட்டுலருந்து கூப்பிடு தூரம்தான். காலையிலயே வெயிலு சுள்ளுன்னு அடிக்குதுய்யா. எப்பக் கிளம்புறீய?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கான்ட்ராக்டர் மேல் எழுதிப் போட்ட மனு எங்கேயோ தூங்குகிறது. விசாரிக்க வந்தவர்கள் கேட் என்ட்ரியில் விசிட்டர் என்றுதான் இருக்கிறது என்றார்கள். முனுசாமி மாமா சாட்சி சொல்ல வருகிறேன் என்றார். அன்றோடு அவர் வண்டிக்கு அந்தக் கேட்டில் ட்ரிப் இல்லை. அவர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனாலும் நான் மனுவை விடப்போவதில்லை. நீ இருந்தால் "சோறு போட்ட எடம் ஜெனி" என்று என் வாயை அடைப்பாய். உன் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி இதற்குத்தான்.

அம்மா போன வாரம் ஒரு முடிவு சொன்னாள். இந்த மார்கழிக்கு வேனை எடுக்கலாம் என்றாள். வேளாங்கண்ணிக்கா என்று கேட்டேன். "மாதா எங்க போனாலும் கீறா. அந்தாளு பாத்து வச்ச ஊருக்கே போலாம்" என்றாள். முனுசாமி மாமாவும் அத்தையும் கூட வருகிறார்கள். நீ படுக்க வேண்டிய கட்டிலில் அத்தை அரிசி மூட்டையை வைத்திருக்கிறாள். உனக்குக் கோபம் வராது என்று தெரியும்.

இடத்தைக் காட்ட முத்துராஜைக் கூப்பிட்டேன். அவர் வரமாட்டேன் என்கிறார்.

அவர் உன் காரியத்துக்கு வந்தவர், திரும்ப ஊருக்குப் போகவே இல்லை அப்பா. அதே கூண்டில், அதே இடத்தில் நிற்கிறார். சூபர்வைசர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆள் கிடைத்ததே என்று விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டால் வந்து தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறார். ஊரைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவருடைய அம்மா போன் பண்ணினால் எடுத்து, நல்லாயிருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுகிறார். இப்போது அவருக்கும் ராத்திரியில் இருமல் வருகிறது என்று ரூம்காரர்கள் சொல்கிறார்கள்.

"உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. அப்பாவாத்தான் போய் நின்னாரு" என்றேன்.

"நான் லீவு கேக்காட்டி ஐயா இருந்திருப்பாரு ஜெனி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வேப்பமரத்தடில போய் நிப்பேன்?"

"அவங்கதான் கொன்னாங்க. நீங்க இல்ல."

"நீ சொல்லுவ" என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பார்த்தாயா? கொன்றவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். அம்மாவைப் பார்க்க ஆசைப்பட்டவன் குற்றவாளியாக நிற்கிறான். நல்லது செய்வதாக நினைத்து ஒருத்தர் தலையில் நீ இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாய். அந்த வாரம் நீ அவரோடு சேர்ந்து சூபர்வைசர் முன்னால் போய் நின்று, லீவு கொடு என்று சத்தம் போட்டிருக்கலாம். லைன் நின்றால் நிற்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

நான் வாக்குக் கொடுக்கிறேன். அம்மாவை இந்த மார்கழி சாயல்குடிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். தை முடியும்வரை அந்த வெயிலில் உட்காரவைப்பேன். மனுவையும் விடமாட்டேன். ஆனால் முத்துராஜை அவர் வீட்டுக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. என் பேச்சு, அம்மா பேச்சு, யார் பேச்சும் அவர் காதில் ஏறவில்லை. உன் பேச்சு ஒன்றைத்தான் அவர் கேட்பார்.

அதனால் நீ வா. கனவிலோ எதிலோ, எப்படியாவது வா. அவர் தப்பு இல்லை என்று அவரிடம் நீயே சொல்லு. ஊருக்குப் போடா தம்பி என்று இன்னொரு தடவை சொல்லு.

சொல்லு அப்பா.

உன் மகள்,
ஜெனிதா