பத்து மணிக்கு அறுந்துபோகும் இணைப்பு

3-9-2025, புதன். ஆவணி 18.
காலை மேகமூட்டம். மழை இல்லை. பால் தாமதம்.

பத்து மணிக்கு மெல்போர்னிலிருந்து சிவகாமியின் அழைப்பு. மகள் பிரசவத்துக்கு மே மாதம் போனவள். 14ஆம் தேதி, ஞாயிறு, திரும்ப வேண்டும். பயணச்சீட்டு எடுத்தாயிற்று. “டிக்கெட் விஷயமா ஒண்ணு சொல்லணுங்க” என்றாள். அத்துடன் படம் உறைந்தது. வாய் திறந்த நிலையில் மனைவி. பிறகு கருந்திரை.

நேற்றும் இதே இடத்தில் அறுந்தது. எழுதி அனுப்பு என்று செய்தி போட்டேன். “எழுதற விஷயமில்ல” என்று மகள் கையால் பதில் வந்தது. செல்போன் சிக்னல் வீட்டுக்குள் எடுக்காது. தெருவில் நின்று மனைவியோடு பேசும் வழக்கம் எனக்கில்லை.

செய்தவை: வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டது. வயரைப் பிடுங்கிச் செருகியது. பிளக்கை மாற்றியது. பலன்: பெட்டி இருக்கும் அறையிலேயே போனில் ஒரே ஒரு வைஃபை கோடு. சமையலறையில் அதுவும் இல்லை.

4-9-2025, வியாழன். ஆவணி 19.
வெயில். கேபிள்காரர் பாஷா ஒன்பதுக்கு வருவதாகச் சொல்லி ஒன்பதே முக்காலுக்கு வந்தார். அதற்குள் பெட்டியின் மேலிருந்த உறையை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். முழுக்க ஜரிகை ஓடிய முந்தானைத் துண்டு அது. நெய்ததில் பிழை என்று கழித்தது. இந்தப் பிள்ளையார்பாளையத்தில் டிவிக்கும் தையல் மிஷினுக்கும் கூட அத்தகைய துண்டுதான் உறை. தறிவீடுகளின் தூசுக்குப் பயந்து ஜூலையில் நானே நான்காக மடித்துப் போர்த்தினேன். பிறர் கை படலாகாது.

பாஷா தம் போனைச் சமையலறை வரை கொண்டுபோய்க் காட்டினார். முழுக் கோடுகள்.

“லைட்டெல்லாம் பச்சையா எரிஞ்சிக்கினு இருக்குது. லைன் ஜோர். இன்னா சார் கொறை?”

“தினமும் பேச்சு நடுவில் அறுந்துபோகுது.”

“அந்தம்மாவே கட் பண்றாங்களோ இன்னாவோ. எங்க ஊட்ல அப்படித்தான்.”

நான் சிரிக்கவில்லை. ஸ்டூலை எடுத்த இடத்தில் வைக்காமல் போனார். ஸ்டூலை வைத்தேன், உறையைப் போர்த்தினேன். பத்தே காலுக்கு அழைப்பு. “கேக்குதாங்க?” என்ற ஒரு சொல். பிறகு ஒன்றுமில்லை.

தெருவுக்குப் போய் பாஷாவைப் போனில் கடிந்துகொண்டேன். “நான் இருந்தா வருது, போனா போவுதா? அப்போ அங்கியே தங்கிடறேன் சார். டிபன் மட்டும் போடுங்க.”

5-9-2025, வெள்ளி. ஆவணி 20.
அழைப்பு வரவில்லை. அல்லது வந்து எனக்குத் தெரியவில்லை. எது என்று தீர்மானிக்க வழியில்லை.

எதிர்வீட்டுச் சரோஜா பாலுக்கு உறை ஊற்றத் தயிர் கேட்டு வந்தாள்.

“அத்தை எப்போ வராங்க மாமா?”

“பதினாலு, ஞாயித்துக்கிழமை.”

“அப்படியா? போட்டோல பார்த்தேன். பேன்ட்டு, ஷூ எல்லாம் போட்டுக்கினு ஏதோ ஏரிக்கரையில நடக்கறாங்க. பத்து வயசு கொறைஞ்சிட்டாங்க. நீங்க பாக்கல?”

எனக்குப் படங்கள் திறப்பதில்லை. அதைச் சொல்லவில்லை. தயிர்க் கிண்ணத்தை இன்றே திருப்பச் சொன்னேன்.

6-9-2025, சனி. ஆவணி 21.
புழுக்கம். பத்து மணி அழைப்பு, வழக்கம்போல். “ஞாயித்துக்கிழமை நான்” வரை கேட்டது.

பெட்டியைத் தொட்டேன். கொதித்தது. சூடு ஆறட்டும் என்று உறையை எடுத்தேன். போனில் கோடுகள் நிறைந்தன. போர்த்தினேன், இல்லை. எடுத்தேன், இருக்கிறது. சமையலறையிலும், கொல்லைக் கதவு வரையிலும்.

ஜரிகை என்பது பட்டிழைமேல் சுற்றிய வெள்ளிக் கம்பி. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஜரிகை சோதிக்கும் பிரிவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நான்கு மடிப்பு வெள்ளியால் பெட்டியை மூடி வைத்திருக்கிறேன். வெட்கப்பட வேண்டிய இடம். ஒன்றும் தோன்றவில்லை.

பாஷாவுக்குத் தெரிவிப்பது முறை. தெரிவித்தேன். வெகுநேரம் சிரித்தார். “வைஃபைக்குப் பொன்னாடை போத்துனது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் சார்.”

சிவகாமிக்குச் செய்தி: சரியாகிவிட்டது. நாளை பத்துக்கு.

7-9-2025, ஞாயிறு. ஆவணி 22. பௌர்ணமி.
இரவு சந்திர கிரகணம். முன்னதாகவே சாப்பிட வேண்டும்.

சரியாகப் பத்து மணி. படம் மிகத் தெளிவு. அவளுக்குப் பின்னால் கொடியில் காயும் குழந்தையின் காலுறைகள்வரை தெரிந்தன. தலைமுடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். எப்போது என்று கேட்கவில்லை.

“தெரியறேனாங்க?”

“தெரியுது. சொல்லு.”

“டிக்கெட்ட மாத்தச் சொல்லிட்டேன்.”

“எந்தத் தேதிக்கு?”

“தேதி போடல.”

“குழந்தைக்காகவா?”

“குழந்தைக்காகன்னு சொல்லிடலாம்னுதான் இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன். அது இல்லீங்க. எனக்கே இங்க நல்லா இருக்குது. ஸ்பூன் எடம் மாறினா யாரும் எழுந்து வந்து நிக்கறதில்ல. உங்கமேல கோபமெல்லாம் இல்ல. சமைச்சு சாப்பிடறீங்க இல்ல?”

“சாப்பிடறேன்.”

பிறகு நான் பேசவில்லை. அவள் திரைக்கு அருகே வந்து பார்த்தாள். “லைன் கட்டாயிடுச்சா? திரும்பவும் மொதல்லருந்து சொல்லணுமா?”

“வேணாம். எல்லாம் கேட்டுது.”

பத்து இருபதுக்கு முடிந்தது. இடையில் ஒருமுறையும் அறுந்துபோகவில்லை.

பதினாலாம் தேதி விமான நிலையம் போகச் சொல்லிவைத்த வண்டியை வேண்டாம் என்றேன். “வேற எந்தத் தேதிக்கு சார் போட்டுக்கட்டும்?” என்றார் ஓட்டுநர். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.