புட்டிகள் கை நழுவிய காரணம்

அனுப்புநர்
சு. செண்பகவல்லி,
மாட்டுங்கா லேபர் கேம்ப், பம்பாய்-19.

பெறுநர்
உயர்திரு அனந்தகிருஷ்ணன் அவர்கள்,
தொழிலாளர் நல அதிகாரி,
கமலாவதி பாட்டில் ஒர்க்ஸ், வடாலா.

பொருள்: புட்டிகளை வேண்டுமென்றே உடைத்ததாகக் கூறி விலக்கப்பட்ட என்னை மீண்டும் வேலையில் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழர் என்பதால் தமிழிலேயே எழுதத் துணிந்தேன்.

1. நான் தங்கள் தொழிற்சாலையில் மருந்துப் புட்டிகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கி வந்தவள். சென்ற மழைக்காலம் முதல் என் வலக்கைப் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போயின. பிடித்திருப்பதாக நான் நினைத்த புட்டி தரையில் கிடக்கும். காய்ந்த தோசைக்கல்லைத் தொட்டதுகூட, தோல் கருகிய வாடை வந்த பிறகே தெரிந்தது.

2. மேஸ்திரி திரு. பிச்சையாவிடம் முறையிட்டேன். அவர் எல்லோர் முன்னிலையிலும், "ஏட்டி, கைக்கு என்ன கேடு? ஒனக்குக் கொழுப்பு, வேற ஒண்ணுமில்ல" என்றார். வேண்டுமென்றே உடைப்பதாக எழுதி, தீபாவளிக்கு முன் என்னை வெளியேற்றினார். அழுதுகொண்டே வீடு வரை நடந்தேன்.

3. பின்னர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் மணிக்கட்டை அழுத்திப் பார்த்து, உள்ளே ஏதோ ஒன்று விரல்களுக்குப் போகும் நரம்பை நெரிக்கிறது என்றார். கத்தி வைத்துத் திறந்ததும் வெளிவந்தது நெல்லிக்காய் அளவு கொழுப்புக் கட்டி. அந்த இடத்தில் இது அபூர்வமாம். படிக்கும் டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஆக, திரு. பிச்சையா சொன்னது முழுப் பொய் அன்று. கொழுப்பு இருந்தது, இருந்த இடத்தைத்தான் அவர் தவறாகக் கருதிவிட்டார். இதை நினைத்து நான் சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸம்மா அதட்டினார். கட்டியைப் போட்டுவைத்த புட்டியும் நம் தொழிற்சாலையுடையதே. நான் உடைக்காமல் விட்டவற்றுள் ஒன்று.

4. இப்போது விரல்களுக்கு உணர்வு திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பேராச்சியக்கா என் கண்ணைக் கட்டி, உப்பு, உளுந்து, பஞ்சு என்று கையில் வைத்து, "சொல்லு பாப்போம்" என்கிறார். நேற்று உயிர் நண்டையே வைத்துவிட்டார். அதையும் சரியாகவே சொன்னேன், அலறிக்கொண்டு. என் கணவர் சுயம்புவின் மழிக்காத கன்னம்கூடக் குத்துகிறது. மனுவில் எழுதத் தகாததாயினும் மகிழ்ச்சியில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க.

5. ஆகவே, என் மேல் எழுதப்பட்ட பழியை நீக்கி, பழைய இடத்திலேயே எனக்கு வேலை தந்தருள வேண்டுகிறேன். இத்துடன் உள்ள டாக்டர் சான்றிதழைத் தொழிலாளர் அனைவரும் கேட்க வாசிக்கச் செய்யவும் வேண்டுகிறேன். திரு. பிச்சையா அவர்களே உரக்க வாசித்தால் மிக்க நன்றியுடையவளாவேன்.

இம்மனுவை நானே வலக்கையால் எழுதினேன். எழுத்துகள் துள்ளுவது நோயினால் அன்று.

இடம்: பம்பாய்
நாள்: 18-1-1964

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சு. செண்பகவல்லி