படத்தின் வலது ஓரத்தில் செல்லம்மா

என்னங்க,

உங்கள் தங்கை செல்லம்மாவை நான் குடும்பப் படத்திலிருந்து வெட்டிவிட்டேன் என்று உம்பாய் ஊரிலிருந்து தங்கா பத்து ஊர் வரை பேசுகிறார்கள். நான் வெட்டவில்லை. அளவு வைத்தது நான்தான், அதை மறுக்கவில்லை.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்கு இணையத்தில் ஒரு பக்கம் செய்தேன். யாரையும் கேட்காமல் நானே படித்துச் செய்தேன். புக்கிட் காத்தில் என்ற ஊரில் நம் வீட்டுக்குக் குடிவந்த அன்று எடுத்த படம்தான் மேலே. இடது பக்கம் நீங்களும் நானும், வலது ஓரத்தில் பால் பானையோடு செல்லம்மா.

வருஷா வருஷம் உங்கள் அப்பாவுக்குப் பத்திரிகையில் அஞ்சலி போடும்போது அங்குலம் சொல்லித்தானே கொடுப்பீர்கள்? அதே பழக்கத்தில் படத்தின் அகலத்தை ஆயிரத்து இருநூறு பிக்சல் என்று வைத்தேன். பக்கம் பக்கவாட்டில் ஆடினால் அசிங்கம் என்று, திரையைத் தாண்டும் பகுதியை மறைக்கச் சொல்லியும் ஒரு வரி எழுதினேன். என் கணினியில் எல்லாரும் இருந்தார்கள். பத்திரிகை எல்லார் வீட்டிலும் ஒரே அகலம். போன் அப்படியா?

செல்லம்மா போனில் திறந்திருக்கிறாள். நீங்களும் நானும் மட்டும் நிற்கிறோம்.

"அண்ணி கான்வெண்ட்ல படிச்சவங்க லா! எஸ்டேட்ல வளந்த என் மூஞ்சி இருந்தா அவங்க வெப்சைட் அழுக்காயிடும்" என்று கோயிலில் எல்லார் முன்னாலும் சொன்னாளாம். ஆண்டுப் படையலுக்குக் கூப்பிட்டேன். "அதான் ரெண்டு பேரோட குடும்பம் முடிஞ்சிருச்சே அண்ணி, நான் எதுக்கு?" என்று போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட என் ரோஷம் விடவில்லை. அவள் கை இறால் சம்பால் இல்லாமலே உங்களுக்குப் படைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் மோட்டார் சைக்கிளில் போய் அவளைச் சிரிக்க வைத்து அழைத்து வந்திருப்பீர்கள், இல்லையா?

படையல் முடிந்த பிறகுதான் பக்கத்தை என் போனில் திறந்தேன். போன் திரையைத் தாண்டிய வலது ஓரம் மறைந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. திரையின் அகலத்தையே படத்துக்கு அளவாகக் கொடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் விட்டிருந்த இடைவெளி படத்தைத் தள்ளியதில் செல்லம்மாவின் தோள் அறுபட்டது. பிறகு, படம் இருக்கும் பெட்டியின் அகலத்தில் நூறு சதவீதத்துக்கு மேல் போகாதே என்று எழுதினேன். உயரத்தைத் தானாக அமைய விட்டேன், முகங்கள் இழுபடாமல். இப்போது எல்லாரும் சிறியதாக, முழுதாக நிற்கிறோம். ஒரு வரி வேலை. அதை முன்பே செய்திருந்தால் அவள் வந்திருப்பாளே?

இனி என் திரையை மட்டும் பார்த்து எதையும் சரி என்று சொல்லமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இந்தக் கடிதத்தை அந்தப் படத்துக்குக் கீழேயே போடுகிறேன். செல்லம்மா, தப்பு என்னுடையது. உன் போனில் நீ தெரிகிறாயா என்று எனக்கு ஒரு வரி எழுதி அனுப்பு.

உங்கள் மனைவி, அவளுக்கு அண்ணி,
சரஸ்வதி