ஒட்டியது வேறு புரதம், அக்கா

முடியெல்லாம் கொட்டிய பிறகும் சீப்பைத் தலையணைக்கடியிலேயே வைத்திருந்த என் அக்காவுக்கு,

பெங்களூரு ஜோகுபாளையத்தில் எல்லோரும் நலம். அம்மாவைத்தான் எனக்குப் புரியவே இல்லை.

"மார்ல கட்டின்னா, மருந்து ஏன்டி தலைமுடியை மேயுது?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? அந்தக் கேள்வியோடுதான் ஆய்வகத்தில் சேர்ந்தேன். கண்ணுக்கே தெரியாத நுண்துகளுக்குள் மருந்தை வைத்து, அதன் மேல் ஆன்டிபாடி என்ற புரதத்தை ஒட்டுகிறோம். புற்றுநோய்ச் செல்லை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வது அதன் வேலை. மருந்து நேரே அங்கே போய்விட்டால் முடி தப்பிக்கும் இல்லையா?

போன மாதம், துகள் மேல் புரதம் நன்றாக ஒட்டியிருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. சிவாஜிநகரில் பஸ் மாறி வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, ஒட்டிக்கிச்சும்மா! இனி மருந்து ரெடி ஆயிடும்!"

அம்மா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினாள். அன்றிலிருந்து சரியான சாப்பாடில்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல, போடி" என்பாள். என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

நேற்று துகள்களைப் புற்றுநோய்ச் செல்களோடு விட்டுப் பார்த்தோம். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. என் மடத்தனத்தைக் கேள்: ஆன்டிபாடி கெடாமலிருக்கப் புட்டியிலேயே வேறொரு புரதத்தை நிறையக் கலந்து விற்கிறார்கள். அதைப் பிரித்தெடுக்காமல் அப்படியே ஊற்றிவிட்டேன். "அய்யோ, லேபிள் நோட்லில்வா?" என்று, லேபிளைப் பார்க்கவில்லையா எனக் கேட்டு, கூட வேலை செய்யும் கன்னடத் தோழி தலையில் அடித்துக்கொண்டாள். துகள் மேல் இருந்த இடத்தையெல்லாம் அந்தப் புரதமே பிடித்துக்கொண்டது; போன மாதம் ஒட்டியதாகத் தெரிந்ததும் அதுதான். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்துகொள்ள, நானும் அம்மாவும் வாசலில் நின்றோமே, அதே கதை.

வீட்டுக்கு வந்து அழுதேன். "வேலை செய்யலம்மா. எல்லாம் வீண்."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நெஜமாவா? அப்போ அவ இருந்தப்போ இந்த மருந்து எங்கயும் இல்ல தானே? நாம தேடாம விட்டுடல தானே?"

"இல்லவே இல்லம்மா."

அம்மா ரசம் ஊற்றி இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள்.

நான் என்ன செய்யட்டும், அக்கா? ஜெயித்தால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. தோற்றால் இன்னும் யார் யாரோ முடியைப் பறிகொடுப்பார்கள்.  ஆனாலும் நாளைக்கு அந்தப் புரதத்தைப் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டத்தான் போகிறேன். ஒட்டினால் முதலில் உனக்குத்தான் சொல்வேன், சத்தியமாக. அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று நீதான் சொல்லித்தர வேண்டும்.

உன் சீப்பால் தலைவாரிக்கொள்ளும்
உன் தங்கச்சி,
மாலா