நாலாவது அடி

14.03.2013, வியாழன்

என்ட மனுசன் மவுத்தாப் போய், நான் இத்தா இருக்கிற நாப்பதாவது நாள். இன்னும் மூணு மாசம் பிற ஆம்பிளையள் கண்ணில படாம இந்த அறைக்குள்ளதான். மவ நஸ்லாட பழைய கொப்பியில எழுதுறன். மூணாம் வகுப்போட நிண்ட எழுத்து, கோணலாத்தான் வரும்.

இண்டைக்கு பேதுரு அண்ணன் வந்தார். பாலாவி உப்பளத்தில இவரோட வேலை செய்தவர். மரத்துண்டில படம் வெட்டி மை தடவி அச்சு எடுப்பார். திரைக்கு அங்கால இருந்து சொன்னார்:

"தங்கச்சி, உங்கட மனுசன் ஹயாத்து நிண்ட நிலையில பாட்டுக் கட்டுவான், ஒண்டையும் எழுதி வைக்கல்ல. எனக்கு ரெண்டு மூணுதான் தெரியும். மிச்சம் உங்கட தலைக்குள்ள இருக்கு. எழுதித் தாங்க. நான் படம் வெட்டுறன். சின்னப் புத்தகமாப் போடுவம்."

இவர்ட முகத்த மட்டும் வெட்டாதீங்க எண்டன். ஓம் எண்டார்.

19.03.2013

பதினொண்டு எழுதிட்டன். முதல்ல ஆட்டுப் பாட்டு.

வேலிய ஆடு திண்டிச்சு,
வளவு வெட்டையாப் போச்சு.
வேலி நிண்ட இடத்தில
ஆட்டக் கட்டியாச்சு.

எழுதயிக்க சிரிச்சிட்டன். மவுத்து வீட்டில சிரிப்பா எண்டு வாயப் பொத்தினன்.

03.04.2013

ஆட்டுப் படம் வந்திச்சு. யா அல்லாஹ்!

ஆடு பொலிஸ்காரன் மாதிரி நெஞ்ச நிமித்திக்கொண்டு நிக்கிது. தாடி மயிர் ஒவ்வொண்டாத் தெரியுது. பாட்டில இல்லாத காத்து படத்தில அடிக்கிது. மரத்துண்டையும் அனுப்பியிருந்தார். எலுமிச்ச மரமாம், தீப்பெட்டி அளவு. அதில ஆடு மத்தப் பக்கம் பாக்குது. வெட்டி எடுத்துப் போட்ட இடமெல்லாம் தாளில வெளிச்சமா வந்திருக்கு. ஒரு மனுசன்ட விரலுக்கு இவ்வளவு தெரியுமா?

04.04.2013

சோத்துக்கு ஒரு கை,
உப்புக்கு ஒரு கை,
சண்டை பிடிக்காதீங்க ரெண்டும் —

பிறகு? பிறகு என்ன?

இவர் இடக்கையால உப்பு வாருவார். மத்தவங்க நக்கலடிக்க, அதுக்குக் கட்டின பாட்டு. எல்லாப் பாட்டுக்கும் நாலு அடி. இது மட்டும் எப்படி மூணோட நிக்கும்? மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லுற வரைக்கும் வாயில போட்டு மெண்டன். வரல்ல.

மனுசன் போய் ரெண்டு மாசம். அதுக்குள்ள அவர்ட அடிய தொலைச்சிட்டன். நானெல்லாம் ஒரு பொஞ்சாதியா?

05.04.2013

மூணு அடியோட அனுப்பிட்டன். மறந்திட்டன் எண்டு எழுத வெக்கம்.

28.04.2013

கைப் படம். உப்புத் திண்ட நகம், உள்ளங்கை வெடிப்பு, எல்லாம் இவர்டதான். தொட்டா சுடும் போல இருந்திச்சு.

ஆனா உப்பு வாருற கை வலக்கையா வந்திருக்கு. மேல வளையல் போட்ட ஒரு கையும் கிடக்கு.

நஸ்லா கேக்கிறா, "உம்மா, வாப்பாக்கு மூணு கையா?"

29.04.2013

பேதுரு அண்ணன் வந்தார்.

"அண்ணன், உப்புக் கை மாறிப் போச்சு."

"ஐயோ, ஓம்! மரத்தில திருப்பி வெட்ட மறந்திட்டன். ஹயாத்து இருந்தா இதுக்கும் ஒரு பாட்டுக் கட்டி என்ட மானத்த வாங்கியிருப்பான்."

"மூணாவது கையும் பிழைதானே?"

அவர் மெல்லமா, "அது நாலாவது அடி, தங்கச்சி. உப்பளத்தில எல்லாருக்கும் மனப்பாடம். 'ரெண்டுக்கும் மருந்து கமீலாட கை' எண்டு உங்கட பேரச் சொல்லித்தான் முடிப்பான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. வீட்டில மூணு அடி சொல்லிட்டு என்னப் பாத்து சிரிப்பார். கள்ளன்! நான் மறக்கல்ல. எனக்குச் சொல்லவே இல்ல.

தேங்காய் எண்ணெய சூடாக்கி அந்த வெடிப்பில தடவி விடுவன். அது ஒரு வேலை எண்டுகூட நான் நினைச்சதில்ல. அது பாட்டில இருந்திருக்கு. உப்பளமே பாடியிருக்கு.

போகயிக்க கேட்டார்: "உங்கட பேர் அச்சில வரலாமா? வேணாமெண்டா 'பொஞ்சாதி கை' எண்டு மாத்துவம்."

கொப்பியில நாலாவது அடிய என் பேரோட எழுதி, தாளக் கிழிச்சு நஸ்லாட கையில அண்ணனுக்குக் குடுத்து விட்டன்.

12.06.2013

இத்தா முடிஞ்சு ரெண்டு நாள். நஸ்லாவோட பேதுரு அண்ணன் வீட்டுக்குப் போனன். கை இப்ப சரி, திருப்பி வெட்டியிருக்கார். பாட்டும் அதே மரத்தில, எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்கிற மாதிரித் தலைமாறி நிக்கிது. மை பூசி, தாள வச்சு, ஒரு கரண்டியத் தந்தார். கரண்டி முதுகால தேய்க்கணுமாம்.

"மெல்ல தங்கச்சி, ரொட்டிக்கு மாவா குழைக்கிறீங்க?"

தேய்ச்சிட்டு மூலையில பிடிச்சு உரிச்சன். கடைசி அடியில என் பேர் நேரா நிக்கிது. இதுக்கு முந்தி என் பேர் அச்சில வந்தது தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில இருந்து எங்கள விரட்டயிக்க எழுதின அகதி லிஸ்டில மட்டும்தான்.

"அடுத்த தாள வைங்க அண்ணன்," எண்டன்.