சங்குமுகத்து மேகம்

மிதுனம் 5, செவ்வாய்

ஆனி பிறந்ததும் பிடித்த நான்கு நாள் மழைக்குப் பிறகு இன்று வெயில். முதல் பஸ்ஸில் விழிஞ்ஞம். கேமரா, ஸ்டாண்டு, கண்ணாடி பிளேட் ஆறு. கடையில் விற்கப்போகும் ஊர்ப்பட ஆல்பத்துக்குக் கடற்கரைப் படம் ஒன்று குறைகிறதென்று ஸ்டூடியோ முதலாளி சிவதாணு பிள்ளை ஒரு வாரமாக அரித்தெடுத்துவிட்டார்.

நாற்றம். கரை முழுக்க மீன் குடல், நண்டு ஓடு, மனிதர் கழித்தது. மேல்துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு ஸ்டாண்டை ஊன்றினேன். இடது கால் ஏதோ ஈரத்தில். எதன் ஈரம் என்று குனிந்து பார்க்கவில்லை. கூடை சுமந்த ஒருத்தி, "சாமிக்கு மீனு நாறுது, பாத்தியா" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஒரு வள்ளத்தைத் தள்ளி இறக்கினார்கள். நால்வர். பின்னால் துடுப்போடு நின்று வள்ளத்தைச் செலுத்துகிறவன் பெயர் மிக்கேல். "ஒரு படம் எங்களுக்கும் தருவியளா சாமி?" என்றான். சரி என்றேன். கேட்கிற எல்லோரிடமும் சரி என்பேன், கொடுத்ததில்லை. முன்பக்கம் ஒருவன் எழுந்து நின்றான். எடுத்துவிட்டேன். விழிஞ்ஞத்தின் மூன்றாவது பிளேட், வி.3. சுள்ளென்ற வெயில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

திரும்பும்போது நடுப்பகல் இருக்கும், சட்டென்று காற்றும் மழையும். பஸ் படுதா கிழிந்து முதுகெல்லாம் தண்ணீர். வீட்டில் விசாலம் வாசலிலேயே நிறுத்தினாள். "குளிச்சுட்டு உள்ள வாங்கோ. தெரு முழுக்க நாறறது."

மிதுனம் 6, புதன்

மழை. இருட்டறையில் பகல் முழுக்க. சுவரில் பூசணம், ஹைப்போ மருந்தின் நெடி, வாளியில் செத்த பல்லி.

வி.3 நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் வானம் வெள்ளை. நீல வானம் எங்கள் பிளேட்டில் வெறும் வெள்ளையாகத்தான் வரும். அதற்குத்தான் மேக பிளேட். போன துலா மாதம், ஐப்பசியில், ஒரு சாயங்காலம் சங்குமுகம் கடற்கரையில் இடி முழங்க எடுத்தது. நல்ல கறுப்பு மேகம், ஓரத்தில் வெளிச்சம். கீழ்ப்பாதிக்கு ஊர்ப் படம், அதை அட்டையால் மறைத்து மேல்பாதிக்கு அந்த மேகம். ஒரே காகிதத்தில் இரண்டு அச்சு.

இந்த வாரம் செய்தவை:
சாலைக் கடைத்தெரு. மேகம்.
கிழக்கேகோட்டை வாசல். மேகம்.
பத்மதீர்த்தக் குளம். மேகம், இடம் வலம் மாற்றி.
விழிஞ்ஞம், வள்ளம் இறக்குதல். மேகம்.

திருவனந்தபுரம் முழுவதற்கும் ஒரே வானம், ஒரே சாயங்காலம். காலை எட்டு மணிக்குக் கடை திறக்கிற சாலைத் தெருவுக்கும் அதேதான். ஒரு தடவை முதலாளியிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஆகாசம் வெள்ளச் சீலை மாதிரி கெடந்தா எவன்வேய் வாங்குவான்? மேகத்தப் போடும் ஐயரே." போடுகிறேன். பதினோரு வருஷமாகப் போடுகிறேன்.

மிதுனம் 8, வெள்ளி

தூறல். விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பஸ்காரன் சொன்னது: செவ்வாய்க்கிழமை நடுப்பகல் காற்றில் ஒரு வள்ளம் கவிழ்ந்துவிட்டது. மூன்று பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். ஒருவன் இல்லை. நேற்றுத்தான் உடல் ஒதுங்கியதாம். பெயர் சிலுவை. வள்ளம் செலுத்திய மிக்கேலின் தங்கை புருஷன், வள்ளத்தின் முன்பக்கத்து ஆள்.

நான் படம் எடுத்த வள்ளம்தான். சாப்பிடவில்லை.

மிதுனம் 9, சனி

முதலாளிக்கு யார் சொன்னார்களோ. காலையில் போனபோது, புதனன்று நான் போட்ட வி.3 பெரிய பிரதி கடைவாசல் கண்ணாடிப் பெட்டியில். கீழே அவர் கையால் ஒரு அட்டை: "விழிஞ்ஞம். அவர்கள் கடைசியாகப் புறப்பட்ட காலை." மல்லிகைச் சரம் வேறு. சாவு வீட்டுக்கு வெளியே பலகாரக் கடை போட்டதுபோல.

கூட்டம். குடையோடு இரண்டு பேர் பேசியது:
"இந்த மேகத்தப் பாத்தும் எறங்கியிருக்கான் பாரு."
"கள்ளு குடிச்சிருப்பான்."

நான் கதவருகே நின்று கேட்டேன். உள்ளே போய்விட்டேன். முதலாளிக்குச் சின்ன அளவில் பன்னிரண்டு பிரதி வேண்டுமாம், எல்லாம் விற்றுப்போகுமாம். போட்டுக் கொடுத்தேன். மத்தியானம் தயிர் புளிப்பு.

மிதுனம் 13, புதன்

மழை விட்டு விட்டு. எழுதவே அருவருப்பாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்குக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒருவன், தலையில் ஓலைத் தொப்பி, தொப்பலாக நனைந்து. வெகுநேரம் அசையவில்லை. மிக்கேல். விழிஞ்ஞத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறான். நாங்கள் விற்ற பிரதி ஒன்று அவன் ஊருக்குப் போய்விட்டது. மாதா கோயில் முற்றத்தில் கை மாறி மாறி எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இனி அவன் வள்ளம் செலுத்தக் கூடாதென்று ஊர் சொல்லிவிட்டது. தங்கை பிலோமி அவன் முகத்தில் கதவைச் சாத்திவிட்டாள். இந்த வானத்தைப் பார்த்தும் என் புருஷனைக் கொண்டுபோனாயே என்றாளாம்.

இதெல்லாம் அவன் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாக, ஏதோ சந்தேகம் கேட்கிறவன்போல:

"சாமி, நீங்களும் அங்க நின்னியள்லா. எனக்கு அன்னைக்கு மானத்துல ஒண்ணும் தெரியலையே. பதினஞ்சு வயசுலேருந்து மானம் பாக்கேன். இவ்வளவு பெரிய மேகம் எனக்க கண்ணுல படலையே. எனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா? படம் பொய் சொல்லாதுல்லா."

முதலாளி மேஜையில்தான் இருந்தார். கணக்காகத் தொண்டையைக் கனைத்தார்.

நான் சொன்னது: "மேகம் எப்போ வரும் எப்போ போகும்னு யாருக்குத் தெரியும்."

இதுதான் நான் சொன்னது. அவன் தலையை ஆட்டி, என்னைக் கும்பிட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனான். வாக்களித்த படத்தைக்கூடக் கேட்கவில்லை. த்தூ. விழிஞ்ஞத்தில் எதையோ மிதித்த காலைக் கழுவினேன். இதை எங்கே கழுவுவது?

மிதுனம் 14, வியாழன்

தூக்கமில்லை. முதலாளியிடம் கேட்டேன், பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம் என்று. மேகம் பொய், அதனால் ஒருவன் ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்றேன்.

"நாம என்னவேய் வள்ளத்தக் கவுத்தோம்? மேகம் ஒட்டுன கதை வெளிய போச்சுன்னா ஆல்பம் போச்சு, கடை போச்சு. நீரும் வேற எடம் பாத்துக்கிடணும். ரெண்டு பொண்ணு இருக்குல்லா உமக்கு?"

பல் குத்திக்கொண்டே சொன்னார். குத்தியதை என் பிளேட் பெட்டிமேல் துடைத்தார்.

மிதுனம் 15, வெள்ளி

முதலாளி ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருக்கிறார். இருட்டறையைத் தாழிட்டேன். வி.3, மேகம் போடாமல், முழுக் காகிதம். ஒழுங்கான பிரதி ஒன்றாவது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

டெவலப்பரில் மெல்ல எழும்பி வந்தது. முன்பக்கம் நின்றவன், சிலுவை. கடல் கோட்டுக்குமேல் அவன் தலை வானத்தில் இருந்தது. அந்தக் கறுப்பு மேகத்தை அவன் முகத்தின் மேலேயே அச்சடித்திருக்கிறேன். பெரிய பிரதியிலும் சின்னப் பிரதிகள் பன்னிரண்டிலும் கழுத்துக்குமேல் ஒரே கறுப்பு. நான் கவனிக்கவே இல்லை, யாருமே கவனிக்கவில்லை. கூட்டம் கூடி மேகத்தைத்தான் பார்த்தது.

இப்போது முகம் இருக்கிறது. இருபத்தைந்து வயது இருக்கும், கோணல் மூக்கு. ஒரு கையை நெற்றியில் வைத்து, வெயில் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். கையின் நிழல் கன்னம்வரை.

ஹைப்போவில் போட்டு, மூன்று தண்ணீர் கழுவிக் கயிற்றில் மாட்டினேன். விசாலம் சாயங்காலம் விரல் கறையைப் பார்த்து, "இந்தக் கையோட கொழந்தைகளத் தொடாதேங்கோ" என்றாள். மருந்துக் கறையைச் சொன்னாள். தொடவில்லை.

மிதுனம் 17, ஞாயிறு

மழை ஓய்ந்தது, வானம் சாம்பல். விழிஞ்ஞம். கையில்: சாலை, கோட்டை, குளம், வள்ளம், நான்கு படம். மேகமில்லாத பிரதி. மேக பிளேட்டும் துணியில் சுற்றி.

பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். மிக்கேல் கடைசியில் தனியாக நின்றான். அவனைக் கூட்டிக்கொண்டு பிலோமி வீட்டுக்கு. அதே நாற்றம். துண்டை எடுக்க வெட்கமாக இருந்தது. பின்னாலேயே ஒரு கூட்டம்.

அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்க்கவில்லை. வாசல் மணலில் நான்கு படத்தையும் வரிசையாக வைத்தேன். மேக பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். எல்லாவற்றிலும் இதே மேகம்தான், நான்தான் போட்டேன், அன்றைக்கு வானத்தில் ஒன்றுமே இல்லை. சத்தமாகச் சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது.

ஒரு கிழவர் குனிந்து பார்த்தார். "இது சாயங்கால மேகம்லா. துலாமாசத்து மேகம். நம்ம கண்ணுல மண்ணு." அவர் காறித் துப்பினார். என் பக்கமாகத்தான்.

பிறகு அந்தப் பிரதியைப் பிலோமியிடம் நீட்டினேன். வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். விரலால் நெற்றிக் கையைத் தடவினாள்.

"வெயிலு," என்றாள். "கண்ணு கூசுது இவருக்கு."

பிறகு அண்ணனைப் பார்த்து, "கஞ்சி இருக்கு. உள்ள வா" என்றாள். மிக்கேல் போனான். போகிறபோது ஒரு கையால் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான்கு படத்தையும் பொறுக்கி, மேக பிளேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

மிதுனம் 18, திங்கள்

மழை. முதலாளி திரும்பிவிட்டார், விழிஞ்ஞத்துப் பேச்சு இன்னும் காதுக்கு எட்டவில்லை. இன்றோ நாளையோ எட்டும். கண்ணாடிப் பெட்டியில் இருந்ததை நானே கழற்றிக் கிழித்தேன். பூசணம் பிடித்துவிட்டது என்றேன். நம்பினார்.

ஏற்கெனவே எடுத்த பிளேட் ஒன்று: வேளிக் காயல், தோணியில் இரண்டு பேர். படம் நாளைக்கே ஆல்பத்தில் சேர வேண்டுமென்றார் முதலாளி. "மேகத்தப் போடும்."

போட்டேன். தோணிக்காரர்களின் தலை இரண்டும் தப்பும்படி அட்டையைச் சுற்றி வெட்டினேன். அரை மணி நேரம் அதிகம் ஆயிற்று.